கடைசி மிடறின் ஓசை

கையுறை மாட்டிய இரண்டு கைகள் ஒரு எஃகுக் குழலைத் தலைகீழாகப் பிடித்து, மரச்சுத்தியலின் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. தட்டத் தட்ட, குழலின் வாயிலிருந்து சாம்பல் நிறத் தூள் கண்ணாடித் தட்டில் உதிர்ந்தது. கைகள் குழலைக் கொஞ்சம் திருப்பின, மறுபடி தட்டின. தூள் நின்ற பிறகும் தட்டுவது நிற்கவில்லை. மெல்லிய கம்பி ஒன்று உள்ளே போய் வந்தது. அழுத்திய காற்று ஒருமுறை சீறியது. பிறகு மறுபடி தட்டல். வாய் வைத்துக் குடிக்கும் குழல் அது. உள்ளே ஒரு துகள்கூட மிஞ்சக் கூடாது.

ஒர்னெல்லா புருசாவை அறிந்தவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. அர்ஜென்டினாவின் சான் பிரான்சிஸ்கோ என்ற சிற்றூரில் அறுவடை எந்திரம் பழுதுபார்ப்பவரின் மகள். கோர்தொபா நகருக்குப் படிக்க வந்து, பொருள் வடிவமைப்பில் பட்டம் வாங்கி, எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்ட ஆய்வாளராகச் சேர்ந்தாள். எஃகுத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கிப் பொருளை வளர்க்கும் எந்திரம் இங்கே இருக்கிறது. பொருளும் மனிதனும் தொட்டுக்கொள்ளும் இடம்தான் அவளுடைய ஆராய்ச்சி. கை பிடிக்கிற இடம், விரல் அழுத்துகிற இடம், உதடு படுகிற இடம். எந்திரத்தைப் பழகும்போது பாழாக்கிய உருப்படிகளை அவள் எறியவில்லை. ஒவ்வொன்றையும் நெடுக்காக அறுத்து, உள்ளே எங்கே தப்பு என்று பார்த்து, மேசையில் வரிசையாக வைத்திருந்தாள்.

அந்த எந்திரத்தை ஓட்டுபவர் வால்த்தர் திஸ்ஸேரா. ஜனவரி வெயிலில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இலையுதிர்காலத்தில் திரும்பி வந்தபோது இடது கை தளர்ந்திருந்தது, பேச்சு சற்று மெதுவாகியிருந்தது. அவரைப் படுத்தியது அதுவல்ல, தொண்டைதான். நீர்த்த எதையும் சிறு சிறு மிடறாகத்தான் விழுங்க வேண்டும் என்று விழுங்கும் பயிற்சி தரும் நோயெமி சொல்லியிருந்தார். வாய் நிறையப் போனால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

எங்கள் பட்டறையில் காலையிலும் மாலையிலும், தேநீர்போல் இலையில் ஊறிய மாத்தே குடிக்கும் சுற்று உண்டு. ஒரே சுரைக்குடுவை, அதில் இலைத்தூள், ஒரே உறிஞ்சுகுழல். ஒருவர் வெந்நீர் ஊற்றி நீட்டுவார். வாங்கியவர் ஒட்டக் குடித்துத் திருப்பித் தருவார். மறுபடி ஊற்றி அடுத்த ஆளுக்கு. ஊற்றுகிற வேலை லுதுவேன்யாவுடையது. கடைசல் எந்திரக்காரர், பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த வாய். திரும்பி வந்த முதல் நாளே திஸ்ஸேரா குடுவையை வாங்கி ஒரு இழுப்பு இழுத்தார். இருமி இருமி முகம் நீலமாகிவிட்டது. அதன்பின் சுற்றில் அவருக்கு ஒரு கிண்ணமும் கரண்டியும் வந்தன. சில நாள் பொறுத்தார். பிறகு அந்த நேரத்தில் பட்டறைப் பக்கமே வரவில்லை.

"மாசக் கடைசி வெள்ளிக்கிழமை ஓய்வுக் கடிதத்துல கையெழுத்துப் போட்டுர்றேன் குண்டா," என்றார் லுதுவேன்யாவிடம். "எந்திரம் ஓட்டத் தெம்பு இருக்கு. கரண்டியோட உக்காரத்தான் தெம்பு இல்ல."

இது ஒர்னெல்லாவின் காதுக்கு வந்தது.

"அவனுக்குத் தனியா ஒரு குழல் செஞ்சு குடுத்துரு ஒல்லி," என்றார் லுதுவேன்யா அவளிடம்.

"தனியாக் குடுத்தா அது மருந்து. மருந்து குடிக்கவா அவர் சுத்துக்கு வராரு? எல்லாரும் குடிக்கிற குழலா இருக்கணும். அவர் கைக்கு வரும்போது மாத்தக் கூடாது."

ஆய்வுக்கு வழிகாட்டும் ஸ்கவுட்ஸோ அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "விமானத்துக்குப் பாகம் செய்யற எந்திரத்துல மாத்தே குழலா?"

"விமானப் பாகத்துக்கு உதடு படாதே டாக்டர். என் ஆராய்ச்சிக்கு உதடு வேணும்."

"எந்திரத்தைக் கெடுத்தன்னா உன் உதட்டையும் சேத்துத் தச்சுருவேன். போ, செய்."

கடைசலாலோ துளைப்பானாலோ செய்ய முடியாத ஒன்றை அந்த எந்திரம் செய்யும்: பொருளின் உள்ளே வளைந்து போகும் வழிகள். எவ்வளவு பலமாக இழுத்தாலும் ஒரு சிறு மிடறுக்கு மேல் வராதபடி குழலுக்குள் நெளிவுகளை வரைந்தாள். உதடு படுகிற இடத்தில் சுவரை இரண்டாக்கி, நடுவே காற்று நிற்க விட்டாள், சூடு ஏறாது. முதல் குழலில் நெளிவுகளின் கூரை தொய்ந்து, தூள் உள்ளேயே உறைந்துவிட்டது. அறுத்துப் பார்த்தாள். வட்டமான கூரைகளை ஓட்டு வீட்டுக் கூரைபோல் கூம்பாக்கினாள். அடுத்தது தொய்யவில்லை.

நோயெமி தன் அறையில் திஸ்ஸேராவைக் குடிக்க வைத்துப் பார்த்தார். இருமல் இல்லை. மறுநாள் அவர் சுற்றுக்கு வந்தார். நாங்கள் மாத்தேயோடு தின்னும் கிரியோஷோ ரொட்டி வாங்கி வைத்திருந்தோம்.

லுதுவேன்யா ஊற்றி நீட்டினார். திஸ்ஸேரா குடித்தார். இருமவில்லை. எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரம் போயிற்று.

"முடிஞ்சுதா?" என்றார் லுதுவேன்யா.

"இல்ல."

"இப்ப?"

"முடிஞ்சா தர மாட்டேனாடா?"

அத்தனை பேரும் அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் கையிலும் சுற்று சரியாக ஓடவில்லை. ஒருவர் பாதி குடித்துத் திருப்பினார். அது தெரியாமல் ஊற்ற, வழிந்து லுதுவேன்யாவின் விரல் வெந்தது. இன்னொருவர் காலிக் குடுவையை வைத்துக்கொண்டு நின்றார். பேச்சு அறுந்து அறுந்து விழுந்தது. மறுபடி தன் முறை வந்தபோது திஸ்ஸேரா குடுவையைக் கையில் தராமல் மேசையில் வைத்தார். எங்களில் யாரும் அப்படிச் செய்வதில்லை.

"இருமாமக் குடிச்சா போதும்னு நெனச்சேன்," என்றார். "நீங்க என்னடான்னா ஆஸ்பத்திரியில பாக்குற மாதிரி பாக்குறீங்க. வெள்ளிக்கிழமை கையெழுத்து." மேல்கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒர்னெல்லா அவர் பின்னால் ஓடவில்லை. ஆய்வுக்காக எங்கள் சம்மதத்தோடு உத்தரத்தில் ஒரு கேமரா மாட்டியிருந்தாள். திஸ்ஸேராவுக்கு உடம்பு கெடுவதற்கு முந்தைய சுற்றுகள் அதில் இருந்தன. உட்கார்ந்து பார்த்தாள். லுதுவேன்யா எப்போதும் யாருக்காவது முதுகு காட்டிக்கொண்டு கதையளக்கிறார், குடிப்பவரைப் பார்ப்பதே இல்லை. ஆனாலும் சரியான நொடியில் அவர் கை பின்னால் நீளுகிறது, காலிக் குடுவை அதில் வந்து உட்காருகிறது. எப்படி? கைகளை மட்டும் பார்ப்பதற்காகப் படத்தை ஒலியில்லாமல் ஓட்டியிருந்தாள். இப்போது ஒலியைக் கூட்டினாள்.

சர்ர்ர்.

அடியில் நீர் தீர்ந்து காற்றும் கடைசிச் சொட்டும் சேர்ந்து குழலில் ஏறுகிற ஓசை. அதைக் கேட்டதும் கை நீளுகிறது. தன் நெளிவுகள் அந்த ஓசையை விழுங்கிவிட்டன என்று அவளுக்குப் புரிந்தது.

"தண்ணிய அளந்தேன், சூட்ட அளந்தேன்," என்றாள் எங்களிடம். "முடிஞ்சுதுன்னு சொல்ற ஓசைய அடைச்சு வச்சுட்டேன். அதத் திரும்பக் கொண்டுவரேன்."

குழலின் வாய்க்குக் கீழே ஒரு சிறு அறை வைத்தாள். நீர் நிறைந்து போகும்போது அது பேசாமல் இருக்க வேண்டும், காற்று நுழைந்தால் ஒலிக்க வேண்டும். முதலில் வந்தது கெட்டில்போல் ஊதியது.

"ரயில் வந்துருச்சு, மூட்டைய எடுங்க!" என்றார் லுதுவேன்யா.

விளிம்பை அகலமாக்கினாள். எலிபோல் கத்தியது. அறையின் உட்சுவரை அமில நீரில் இன்னும் வழவழப்பாக்கினாள். ஓசை அடியோடு போய்விட்டது. அப்போதுதான் அவள் எதிர்த் திசையில் யோசித்தாள். எந்திரத்திலிருந்து வரும் எஃகுக்குச் சொரசொரப்பு உண்டு. எல்லோரும் முதல் வேலையாக அதைத் தேய்த்து நீக்குவார்கள். அடுத்த குழலில் நீர் போகும் வழியையெல்லாம் வழவழப்பாக்கி, அந்த அறையை மட்டும் மூடிக் காத்து, சொரசொரப்பை அப்படியே விட்டாள். கடைசிச் சொட்டுகள் அதில் தங்கின, காற்று அவற்றை உலுக்கியது. கரகரத்த, கொஞ்சம் மரியாதையில்லாத, அசல் சர்ர்ர்.

லுதுவேன்யா இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். "எங்கப்பன் குடிக்கிற மாதிரியே இருக்கு," என்றார். நோயெமி மிடறை மறுபடி அளந்தார். மாறவில்லை.

வெள்ளிக்கிழமை திஸ்ஸேரா கோட்டு போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போகிற வழியில் பட்டறை வாசலில் தலை காட்டினார்.

"கடிதாசி ஓடிப்போயிராது கிழவா," என்று கூப்பிட்டார் லுதுவேன்யா. "உள்ள வா, குளிருது."

வந்தார். சுவரோரம் நின்றார். லுதுவேன்யா ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டத்தைப் பற்றிய சண்டையில் இருந்தார். குடுவையை நீட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது கோலே இல்ல! கண்ணு தெரியாதவன்கூடச் சொல்லுவான்."

திஸ்ஸேரா மெல்ல இழுத்தார். மறுபடி இழுத்தார்.

சர்ர்ர்.

லுதுவேன்யாவின் கை பின்னால் நீண்டது. பேச்சு நிற்கவில்லை, தலை திரும்பவில்லை. திஸ்ஸேரா அந்தக் கையை ஒரு கணம் பார்த்தார். பிறகு குடுவையை அதில் வைத்தார். "கோல்தான்டா," என்றார் உரக்க. "உனக்குத்தான் கண்ணு தெரியல."

பட்டறையே இரண்டு கட்சியானது. சுற்று ஓடியது. சின்ன மிடறு என்பதால் ஒவ்வொருவருக்கும் நேரம் கூடியது, சண்டைக்கும் கூடியது.

"இத உறிஞ்சி முடிக்கிறதுக்குள்ள எனக்கும் ஓய்வு வயசு வந்துரும்," என்று லுதுவேன்யா புலம்பினார்.

"ஊத்துறதுக்கு ஒரு சின்னப் பையனத் தேடுங்கப்பா, இவன் அசையறதுக்குள்ள மாத்தே ஆறிடுது," என்றார் திஸ்ஸேரா. சிரிப்பு அடங்க நேரமானது. ஒர்னெல்லா மட்டும் சிரிக்காமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஸ்கவுட்ஸோ அம்மையாரும் வாங்கிக் குடித்தார். சர்ர்ர். "இத ஆய்வேட்டுல எப்படி எழுதப் போற?"

"காதுல கேட்டபடியே எழுதறேன் டாக்டர்."

"எழுது. முதல் அத்தியாயமே இதுவா இருக்கட்டும்."

இலையில் சுவை தீர்ந்தது. அலுவலகம் மூடுகிற நேரமும் கடந்திருந்தது. திஸ்ஸேரா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "எந்திரத்துல வடிகட்டிய யாரு மாத்துனது? கோணலா இருக்கு. திங்கக்கிழமை காலைல முதல் வேலை அதான்."

ஒர்னெல்லா குழலை எடுத்துக் கழுவினாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், சுத்தமான துணியால் துடைத்தாள். "கூடத்தோட குழல் இது வால்த்தர். எந்திரம் ஓட்டறவர் பொறுப்புல இருக்கட்டும்."

அவர் வலது கையை எடுத்தார். பிறகு அதை இறக்கிவிட்டு இடது கையை நீட்டினார். விரல்கள் ஒவ்வொன்றாக, நிதானமாக, எஃகைச் சுற்றி மடங்கின. அவை இறுகும்வரை பிடித்திருந்துவிட்டு, ஒர்னெல்லா குழலை விட்டாள்.