இருப்பவர் பேருக்கு ஒரு இலை

நர்மதாவின் மகள் தமிழினிக்கு இரண்டரை வயது. ஓடுவாள், கோழியைத் துரத்துவாள், எதிர்வீட்டு அத்தாயியின் செருப்பைக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டியில் போடுவாள். சோற்றுத் தட்டைக் கண்டால் மட்டும் உதடு இரண்டும் இறுகிக்கொள்ளும். ஏழாம் மாதத்தில் பிறந்து, ஐம்பத்திரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்த பிள்ளை. முகத்துப் பக்கம் எது வந்தாலும் அதற்குக் குழாய்தான். தூக்கத்தில் புட்டிப்பால் குடிக்கும். விழித்திருக்கும்போது ஒரு பருக்கை உள்ளே போகாது.

நர்மதா செய்து பார்க்காதது இல்லை. நிலாவைக் காட்டினாள், செல்போனைக் காட்டினாள், பூச்சாண்டியைக் கூப்பிட்டாள். கடைசியில் மடியில் கிடத்திக் கையைக் காலிடுக்கில் அமுக்கி, மூக்கைப் பிடித்துத் திணிக்கவும் செய்தாள். ஒரு வாய் விழுங்கும், மூன்று வாய் கக்கும். கக்கி முடித்து அம்மாவையே பார்க்கும். அந்தப் பார்வைக்கு, தன் கையைத் தானே வெட்டிப் போடலாம் என்றிருக்கும் நர்மதாவுக்கு. அடுத்த வேளை மறுபடியும் திணிப்பாள். வேறு என்னதான் செய்வாள், சொல்லுங்கள்?

அவள் புருஷன் கந்தவேல் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் சத்தீஸ்கர் வரை போய்க்கொண்டிருந்தவன். முப்பத்தாறு வயதில் கிட்னி இரண்டும் போயிற்று. இப்போது வாரம் மூன்று நாள் சேந்தமங்கலத்தில் பஸ் ஏறி, நாமக்கல்லில் டயாலிசிஸ் முடித்து, துவண்டுபோய்த் திரும்புகிறான். உப்பு ஆகாது. தண்ணீர் நாளுக்கு நாலே டம்ளர், அதையும் நர்மதாதான் அளந்து கொடுப்பாள். காய்கறியை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சக்கையைப் போடுவாள். "திங்க ஆசப்படறவன் திங்கக்கூடாது, திங்க வேண்டியதுக்கு ஆசயில்ல. நல்ல ஊடு நம்முளுது" என்று அவனே சிரிப்பான். அவளுக்குச் சிரிப்பு வராது. விடியற்காலை பண்ணையில் முட்டை பொறுக்கிவிட்டு வந்து இரண்டு வாய்க்கும் இரண்டு சமையல் செய்கிறவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

ஆனி மாதம் சேலத்து டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பிள்ளை எடை ஏழு கிலோ எண்ணூறு. இரண்டு மாதத்தில் எட்டரை ஏறாவிட்டால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைப்பதுதான் வழி. மறுபடியும் குழாயா! நர்மதா பஸ்ஸில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மடியில் இருந்தது அம்மாவின் கண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

ஆடி அமாவாசை வந்தது. செத்துப்போன மாமனார் கண்ணுசாமியின் போட்டோவைச் சுவரோரம் வைத்துத் தலைவாழை இலையில் படையல் போட்டார்கள். சூடம் காட்டிக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். செத்தவர் வந்து உண்ணும்போது இருப்பவர் கண் படக்கூடாது என்பது அங்கே வழக்கம். தமிழினி தூளியில் தூங்குவதை அந்த அவசரத்தில் மறந்தே போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. நர்மதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவைத் திறந்தால், இலைக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள் மகள். முழங்கை வரை சோறு. பாதி இலை காலி. கக்கியதற்கு அடையாளமே இல்லை.

"தாத்தா ஆ" என்றாள் தமிழினி, போட்டோவைக் காட்டி. "பாப்பா ஆ."

நர்மதா விழுந்து கும்பிட்டாள். படையலுக்கு வந்திருந்த அத்தாயிக்கு முகம் கறுத்துவிட்டது.

மறுநாள் உச்சிப் பொழுதில் நர்மதா மறுபடி இலை போட்டாள், கதவைச் சாத்தினாள். பிள்ளை உண்டது. மூன்று நாள் இப்படியே போனது. நாலாம் நாள் அத்தாயி வந்து நின்றாள்.

"ஏம்புள்ள, அமாவாசைக்கு வந்தவரு திரும்பிப் போக வேண்டாமா? நித்தம் எல போட்டுக் கூப்புட்டா எப்புடிப் போவாரு? அப்புறம் போறப்பத் தொணைக்கு ஆளக் கூட்டிக்கிட்டுத்தாம் போவாரு."

சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த கந்தவேலைப் பார்த்தாள். பார்த்ததை நர்மதா கவனித்தாள். அன்றே மாமனாரைச் சுவரில் மாட்டிவிட்டாள்.

போட்டோ இல்லாமல் இலையைப் போட்டுக் கதவைச் சாத்திப் பார்த்தாள். பிள்ளை கதவைத் தட்டி அழுதது. காலண்டர் முருகனை வைத்தாள். ஊஹூம். ஐந்து நாள் வீணாய்ப் போனது. ஏறிய இருநூறு கிராமில் நூறு இறங்கிவிட்டதென்று அங்கன்வாடி தராசு காட்டியது. நர்மதா மறுபடி மூக்கைப் பிடித்தாள், பிள்ளை மறுபடி கக்கியது.

"என்ற போட்டோவ வெய்யி" என்றான் கந்தவேல்.

"என்னங்க சொல்றீங்க?"

"செத்தவங்களத் தெனமும் கூப்புடக் கூடாதுன்னுதான அத்தாயக்கா சொல்லுது? நா உசுரோட இருக்கறவன். இந்தா, வாசல்லயே உக்காந்திருக்கறேன். எங்க போயிரப் போறேன்?"

"வாயக் கழுவுங்க மொதல்ல! இருக்கற மனுசனுக்கு ஆராச்சும் படையல் போடுவாங்களா?"

"கொழாயி போடறதுக்கு இது தேவல, புள்ள."

நர்மதா எழுந்து அலமாரியைத் திறந்தாள். ரிக் வண்டிக்கு முன்னால் அவன் திடமாக நிற்கும் போட்டோ ஒன்று இருந்தது. அதை இலைக்கு முன்னால் வைத்தாள். சூடம் மட்டும் கொளுத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சூடாக இருந்த கை அவளுக்கு ஆறுதலாக இருந்தது. உள்ளே பிள்ளை சிரிக்கும் சத்தம் கேட்டது. நிறுத்தி நிறுத்திப் பேசியது, யாரோ பதில் சொல்லக் கேட்டுக்கொள்கிறாற்போல.

இலை வழித்து எடுத்தாற்போல் இருந்தது.

அதற்கப்புறம் ஒரு நாளும் தவறவில்லை. எடை எட்டைத் தொட்டது. நர்மதா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், பட்டாள்தான். ஆனால் கந்தவேல் மதியச் சாப்பாட்டைத் தொடுவதை நிறுத்திவிட்டான். "பசியில்ல, புள்ள. வவுறு கும்முனு இருக்குது" என்பான். முகம் ஊதியது. கால் வீங்கியது. டயாலிசிஸ் போன இடத்தில் நர்ஸ் கத்தினாள்.

"மூணரை கிலோ தண்ணி ஏறியிருக்கு அண்ணா! உப்பா அள்ளித் தின்னீங்களா? இன்னொரு தடவை இப்படி வந்தீங்கன்னா நெஞ்சு தாங்காது."

"நாந்தானுங்க அளந்து ஊத்தறேன். உப்பே போடறதில்லீங்க" என்றாள் நர்மதா. நர்ஸ் நம்பவில்லை. ஒரு நாளில் எத்தனையோ பொய்யைக் கேட்கிறவள், அவளைக் குற்றம் சொல்ல முடியுமா?

வெள்ளிக்கிழமை மதியம். கதவு சாத்தியிருந்தது. வாசலில் அணில்கூட இல்லை. கந்தவேல் கொல்லிமலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், தொண்டை ஏறி இறங்க எதையோ விழுங்கினான்.

"கொழம்புல உப்பு தூக்கலாப் போச்சு, புள்ள" என்றான்.

"எந்தக் கொழம்புலீங்க?"

அவன் விழித்தான். "நா என்ன சொன்னேன்?" என்று கேட்டான்.

அவன் காலையிலிருந்து இரண்டு இட்லிதான் தின்றிருந்தான். படையலுக்கு என்று ஆக்கும் சமையலில் உப்புப் பார்க்கக் கூடாது என்பதால் அந்தக் குழம்பை நர்மதாவும் நாக்கில் வைக்கவில்லை. உள்ளே பார்க்கக் கூடாது என்று தெரிந்தேதான் சந்துப்பக்கம் போய் ஜன்னலில் கண்ணை வைத்தாள்.

தமிழினி தன் வாயில் ஒரு பிடி வைத்தாள். அடுத்த பிடியைப் போட்டோவிடம் நீட்டினாள். "அப்பா, ஆ" என்றாள். காத்திருந்தாள். பிறகு கையைக் கீழே கொண்டுவந்து விரித்தபோது கையில் சோறு இல்லை. போட்டோவைச் சுற்றித் தரையிலும் ஒரு பருக்கை இல்லை.

கதவைத் திறந்துகொண்டு ஓடி, இலையில் மிச்சமிருந்த குழம்பை விரலால் தொட்டு நக்கினாள் நர்மதா. உப்பு தூக்கல்தான்.

அடுத்த திங்கட்கிழமை சேலம். எட்டு கிலோ முன்னூறு. டாக்டர் முகமெல்லாம் சிரிப்பு. "இன்னும் இருநூறு கிராம்தாம்மா. பதினஞ்சு நாள் டைம் தர்றேன். இப்ப என்ன செய்யறீங்களோ, அதையே விடாமச் செய்யுங்க." நர்மதா தலையாட்டினாள். பதினைந்து நாள், பதினைந்து இலை. திரும்பி வரும் பஸ்ஸில் வீங்கிய காலை முன்சீட்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டு கந்தவேல் தூங்கினான். அவன் மூச்சு விடுகிறானா என்று ஊருக்கு ஊர் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள்.

மறுநாள் மதியம் இலை போட்டாள். அலமாரியைக் குடைந்து, மகளிர் குழுவுக்காக எடுத்த தன் போட்டோவைத் தேடி எடுத்தாள். சுண்டுவிரல் நீளம்தான், தலை சீவாமல் திருதிருவென்று விழிக்கும் முகம். அதைச் சுவரில் சாய்த்துவைத்து, மகளை முன்னால் உட்கார்த்தி, கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

ரிக் வண்டிப் போட்டோ அவள் கையில் இருப்பதைப் பார்த்துக் கந்தவேலுக்குப் புரிந்துவிட்டது. எழ முயன்றான்.

"பைத்தியமா உனக்கு? எடு மொதல்ல! நா எப்புடியும் போறவன். உனக்கொண்ணு ஆச்சுன்னா அதுக்கு ஆரு இருக்கறா?"

"உக்காருங்க" என்றாள். அவன் தோளை அமுக்கினாள். "எனக்குக் கிட்னி ரெண்டும் நல்லாத்தான் இருக்குது. உப்புத் தின்னா உங்களுக்குத்தான் ஆகாது, எனக்கு ஆகும். தண்ணி ஏறுனாத் தாங்கிக்குவேன். எம்புள்ள ஊட்டறத ஆராச்சும் ஒருத்தரு திங்கோணுமல்லங்க? நாந் திங்கறேன்."

அவன் முகத்தை மூடிக்கொண்டான். உள்ளே வெகுநேரம் சத்தமே இல்லை. புது முகத்தைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது போல. அழப்போகிறது, கதவைத் தட்டப்போகிறது என்று நர்மதா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூக்கைப் பிடித்துத் திணித்த கை தன்னுடையது, இந்த முகத்தைப் பிள்ளை ஏற்குமா?

கடைசியில் அந்தச் சின்னக் குரல் மெதுவாக வந்தது.

"அம்மா, ஆ."

கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த நர்மதா வாயைத் திறந்தாள்.