கத்தரிக்கு எட்டிய கிளைகள்

2015 ஏப்ரலில் முடிதிருத்துநர் தம் படுக்கையறைச் சன்னலுக்கு வெளியே ஒரு லைலாக் கன்றை நட்டார். ஊதாப் பூங்கொத்துகளுக்குப் பெயர்போன அந்த மரம் 2023 வரை ஒருமுறைகூடப் பூக்கவில்லை. உரத்திலும் நீரிலும் அவர் குறை வைத்ததில்லை. குளிர்காலம் முடியும்போதெல்லாம், கடையில் தலைகளைத் திருத்துவதுபோலவே, கிளை நுனிகளையும் ஒரே அளவாக வெட்டிவிடுவார்.

2024 மார்ச்சில், அவர் மனைவி இந்தக் கோடையைத் தாண்டமாட்டாள் என்று மருத்துவர் கைவிரித்தார்.

"இந்த வருஷமாவது பூக்குமா, இல்ல உங்க தலை மாதிரி வழுக்கையாவே நிக்குமா?" என்று அவள் படுத்தபடியே சிரித்தாள்.

அவர் வழக்கத்தைவிடக் கவனமாக மரத்தைத் திருத்தினார். மறுநாள் உரம் வாங்க நாற்றுப்பண்ணைக்குப் போனவர், அதைப் பெருமையாகவே சொன்னார்.

"ஐயோ, இப்பவா வெட்டினீங்க அண்ணே?" பண்ணைக்காரி தலையில் கைவைத்தாள். "இதுக்குப் போன கோடையிலேயே நுனியில மொட்டு வந்து உக்காந்திடுமே! பூத்து முடிஞ்ச கையோடதான் கத்தரி வைக்கணும்."

"வருஷா வருஷம் வெட்டுறேனேம்மா..."

அத்தனை வசந்தங்களையும் தம் கையாலேயே வெட்டி எறிந்தது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அடித்துப் பிடித்து வீட்டுக்கு ஓடினார். வெட்டிய கிளைகளைக் குப்பைவண்டி காலையிலேயே அள்ளிப் போயிருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்று சன்னல் வழியே மனைவி கேட்டாள்.

"பூக்கும்னாங்க."

அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, இந்த ஆண்டுதான் கத்தரிக்கு எட்டாமல் வளர்ந்திருந்த உச்சிக் கிளையில் மிஞ்சியிருந்த மொட்டுகளை எண்ணினார். இரண்டு.