போருக்குள் கிடந்த தூக்குவாளி

தங்கச்செல்வியிடம் வம்பு வளர்த்து நிம்மதியாகத் தூங்கினவர் எங்கள் திருச்சுழிப் பக்கம் யாரும் இல்லை. புருஷன் பால்சாமி செத்தபிறகு, இரண்டு ஏக்கர் கரிசலையும் அதிலிருந்த ஓர் ஆழ்துளைப் போரையும் நம்பி, மிளகாய் போட்டு ஒண்டியாய் நின்றவள். பக்கத்து நிலத்தில் கொழுந்தன் ராம்குமார் போட்ட போரில் வெறும் புழுதிதான் வந்தது. அன்றிலிருந்து, "வித்துட்டு மகன்கிட்டப் போயிருங்க மதினி" என்று நச்சரித்தான். மருமகள் கையை எதிர்பார்த்துச் சாப்பிடுவதற்கு மண்ணைத் தின்னலாம் என்பாள் அவள்.

போன தையில் மோட்டார் புகைந்தது. வெளியே தூக்கி, அருப்புக்கோட்டையில், கருகின காயிலைப் புதிதாகக் கட்டக் கொடுத்தாள். போர் வாயைச் சாக்குப் போட்டு மூடினாள். மோட்டார் திரும்பி வந்தால், பாதி ஆழத்துக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது! உள்ளே எதுவோ அடைத்திருந்தது. மிளகாய், பூவும் பிஞ்சுமாக நின்ற நேரம். ஒரு தண்ணீர் தவறினாலும் எல்லாம் உதிர்ந்துவிடும். அப்புறம் நிலம் ராம்குமாருக்குத்தான்.

பாலவனத்தத்திலிருந்து, போருக்குள் கேமரா விடுகிற ஜெகதீஸ்வரனைக் கூட்டிவந்தாள். கயிற்றில் கேமரா இறங்க இறங்க, குட்டி டிவியில் பூமியின் உள்பக்கம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் வயிற்றை ஸ்கேன் பண்ணுகிற மாதிரிதான். ராம்குமாரும் வந்து நின்று, பாறை சரிந்திருக்கும் என்று ஆறுதல் வேறு சொன்னான்.

பாறையாவது மண்ணாவது! எவர்சில்வர் மூடி பளபளத்தது. சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் எங்கள் பக்கம் மகளைக் கட்டிக்கொடுக்க மாட்டார்கள்; வாளிக்கு ஒன்று, மூடிக்கு ஒன்று. புள்ளி புள்ளியாக அந்தப் பெயர் தெரிந்தது: முருகலட்சுமி. ராம்குமார் பெண்டாட்டி. கல்லைப் போட்டால் அடியில் போய்விடும் என்று, போர் அகலத்துக்குச் சரியான தூக்குவாளியில் சிமெண்டை நிரப்பிப் போட்டிருக்கிறான். கெடுவான் கேடு நினைப்பான்.

எல்லோரும் அவனைப் பார்த்தோம். வாளி களவு போய் ரொம்ப நாளாச்சு என்றான். கைப்பிடியில் கொக்கி மாட்டி வாளியை மேலே எடுத்தார்கள். மோட்டார் இறங்கியது, மிளகாய் பிழைத்தது. போலீசுக்குப் போகச் சொன்னோம். அவசரமில்லை என்று வாளியை வீட்டுக்குத் தூக்கிப்போனாள்.

வைகாசியில் ராம்குமார் மகளுக்குக் கல்யாணம். பெரியம்மா வராவிட்டால் சம்பந்தகாரர்கள் கேட்பார்களே என்று, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தான். அவளும் பட்டுச்சேலை கட்டி, பழத்தட்டு, பூத்தட்டு, துணி மூடின தட்டு ஒன்று என்று வரிசையாகக் கொண்டுபோனாள். மைக்கில் சீர் சொல்கிறவர் காதில் அவளே சொல்லிக்கொடுக்க, அந்த மனுஷன் பழக்கத்தில் அப்படியே சொல்லிவிட்டார்:

"பொண்ணுக்குப் பெரியம்மா தங்கச்செல்வி, சிமெண்டு நெரப்புன தூக்குவாளி ஒண்ணு. போருக்குள்ள இருந்து எடுத்தது."

மேளம் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா துணியை விலக்கி, மூடியில் இருந்த பெயரைப் படித்தார். பிறகு ராம்குமாரைப் பார்த்தார். மணவறையில் இருந்த கல்யாணப் பெண்ணைப் பார்க்கத்தான் எனக்குப் பாவமாக இருந்தது. ராம்குமாரைப் பார்க்க, சும்மா சொல்லக்கூடாது, தித்தித்தது. அவனுக்குப் பேச்சு வரவில்லை. தங்கச்செல்வி அவன் முன்னால் போய் நின்றாள்.

"தொண்டைய அடைக்குதா தம்பி? ஏம் போருக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு பந்திக்குப் போய் உட்கார்ந்து, இலை போடச் சொன்னாள்.