கிழிந்த புடவை கேட்ட ஆலோசகர்

வெளிநாட்டு வேலைக்குப் போய்ச் சீரழிந்து திரும்பியவர்களுக்காக உத்திரமேரூரில் நாங்கள் ஒரு சின்னச் சங்கம் நடத்துகிறோம். தொழிலாளர் உரிமைப் பணிக்கு ஒரு வெளிநாட்டு அரசு நிதி தருகிறது என்று தெரிந்ததும், விண்ணப்பம் எழுதித்தர சென்னையிலிருந்து ஆலோசகர் ஒருவரை வரவழைத்தோம்.

வளைகுடாவில் வீட்டுவேலை பார்த்து, எஜமானியிடம் கையில் சூடு வாங்கித் திரும்பிய செல்வி அக்காவைப் விண்ணப்பத்துக்காகப் படம் எடுக்க வேண்டும் என்றார் அவர். போட்டோ என்றதும் அக்கா கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்து நின்றார். ஆலோசகர் முகம் சுளித்தார்.

"கிழிஞ்ச புடவை எதுவும் இல்லையா? கொஞ்சம் அழுங்க. அப்பதான் நிதி கிடைக்கும்."

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா இது? சூடு வச்சவகூட அழாதேன்னுதான் சொன்னா. இவரு அழச் சொல்லிக்கினு கீறாரே!"

அந்த ஆளை அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பினேன். பட்டுப்புடவைப் படத்தை வைத்து, தெரிந்த மட்டும் நாங்களே எழுதி அனுப்பினோம். நிதி கிடைக்கவில்லை.

இப்போது யாரைப் படம் எடுப்பதானாலும் முதல்நாளே சொல்லிவிடுகிறேன்:

"நல்ல புடவையா கட்டிக்கினு வாங்க."