வெள்ளை பல்பும் சிவப்புத் துணியும்

நாடி பக்கம் மார்டின்டாரில் ஹோட்டல் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் பா நகரத்தின் வரதோலிப் பகுதியில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்த்த குப்புசாமி அண்ணன் இறந்துவிட்டார். குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

பா நகரத்து டிரைவர்களில் அவரிடம் திட்டு வாங்காதவர் யார்? பழைய மஞ்சள் பல்புக்காகச் செய்த விளக்கில், எங்கள் பேச்சில் 'பத்தி'யில், வெள்ளை பல்பைப் போட்டால் ஒளி கண்டபடி சிதறி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். அந்த மலிவு வெளிச்சத்தில் சிவப்பும் மங்கிக் கறுத்துத் தெரியும் என்பார். "ஆக்லாந்தில் பார்த்தேன், எனக்கும் வேண்டும்" என்று வருபவர்களிடம், "பத்தி ஒனக்கு மட்டுமா? எதிர்ல வர்றவனுக்கும் கண்ணு இருக்குல்ல?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்.

எங்கள் தீவில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, பலரைப் போல அவருடைய ஒரே மகன் தேவனும் ஆக்லாந்துக்குப் போய்விட்டான். பல வருடம் கழித்து முதல் தடவையாக ஊர் வருமுன், அப்பாவின் காருக்கென்று ஒரு ஜோடி வெள்ளை பல்பு அனுப்பினான். ஊரையே திட்டிய மனிதர் அவற்றை மாட்டிக்கொண்டு நாடி விமான நிலையத்துக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். அவரை நான் பார்த்த பார்வைக்கு, "புள்ள ஆசையா அனுப்புனது, தம்பி" என்றார்.

மூவரும் திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. எதிரே வந்தவர்களெல்லாம் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினார்கள். லௌடோகா தாண்டியதும் முன்னால் ஒரு கரும்பு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. வெளியே நீட்டிய கரும்பின் நுனியில் வழக்கம்போலச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். எங்களுக்கு அது காய்ந்த கரும்பிலைச் சோகையோடு சோகையாகத்தான் தெரிந்தது. அண்ணன் பிரேக்கை மிதித்தபோது கரும்பு கண்ணாடியை உரசாத குறைதான். இறங்கி, பானெட்டைத் திறந்து, மகன் தந்ததைக் கழற்றிவிட்டு, வண்டியிலேயே வைத்திருந்த பழைய பல்புகளை மாட்டினார். தேவன் பக்கத்தில் நின்று பார்த்தான். அந்த முறை திரும்பிப் போனவன், அவர் இருந்தவரை மறுபடி வரவேயில்லை.

"கழட்டுனது சரிதான், தம்பி," என்று பின்னாட்களில் அடிக்கடி சொல்வார். "அவங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுக் கழட்டிருக்கலாம்." அதை அவனிடமே சொல்லுங்கள் என்பேன். "போன்ல எப்படிப்பா" என்று நழுவிவிடுவார்.

தகனத்துக்குத் தேவன் வந்தான். அவனுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது, அதனால் அண்ணன் அடிக்கடி சொன்னதை இங்கே எல்லோரும் பேசும் இந்தியில் சொன்னேன். "அப்பா போன்ல மழை, கரும்புன்னுதான் பேசுவார்" என்று அவனும் இந்தியிலேயே சொல்லி அழுதான்.

எனக்கு மனது ஆறவில்லை. அண்ணன் சொன்னது அவர் குரலிலேயே என் காதில் இருக்கிறது. அதைக் கேட்க வேண்டியவனுக்கு என் குரலில்தான் கிடைத்தது.