லூயிஸை ஜெயிக்க விட்டவன்

துண்டை உதறினால்கூட என் தம்பி தைரியநாதனின் தலை இடப்பக்கம் சாய்ந்துவிடும். பட்டாளத்தில் குத்துச்சண்டை போட்டவன். மீசை நரைத்தும் அந்தச் சாய்வு போகவில்லை. கொசு வந்தாலும் அடிக்க மாட்டான், சாய்வான். "கொசுவும் களைச்சுப் போகட்டுமேக்கா" என்பான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சிங்கம்புணரி பஸ்ஸில் அவனுடைய சம்பந்தி ஜோசப் ராஜ் காரைக்குடிக்கு வருவார். வாத்தியாராக இருந்தவர். அவர் மகனுக்குத்தான் தம்பி மகள் பெனிட்டாவைத் தொண்ணூற்றிரண்டில் கொடுத்தோம். கறி வேகிற வரைக்கும் இருவருக்கும் ஒரே வழக்கு. முன்காலத்துக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸும், பின்னால் வந்து குத்துக்கு நழுவியே ஜெயித்த முகமது அலியும் மோதியிருந்தால் யார் ஜெயிப்பது? நடக்காத சண்டைக்கு எங்கள் வீட்டில் ஒரு நாற்காலி உடைந்திருக்கிறது, சொன்னால் நம்புங்கள்.

"லூயிசு ஒரு குத்து விட்டா அலி எந்திரிக்க மாட்டான், சம்பந்தி" என்பார் ஜோசப் ராஜ்.

தம்பி கொஞ்சம் மல்லுக்கட்டுவான். இலை போட்டதும் இறங்கி வந்துவிடுவான். "யோசிச்சா நீக சொல்றதுதான் சரி."

சம்பந்தியை பஸ் ஏற்றிவிட்டு வந்து அடுப்படியில் என்னிடம் குமுறுவான். "அசையிற கொப்புல கல்லு படுமாக்கா? அலிதான்." அதை அவரிடமே சொல்வதுதானே என்றால், "பொண்ணக் குடுத்தவன் ஜெயிக்கலாமா?" எனக்கு யார் ஜெயித்தாலும் ஒன்றுதான். பொய் வேண்டாமென்று சொன்னேன், கேட்கவில்லை.

போன மாதம் பெனிட்டாவின் கடைசி மகனுக்கு ஞானஸ்நான விருந்து. பந்தியில் சம்பந்தி, "அலி எங்க சண்ட போட்டான்? ஓடுகாலிப் பய" என்று சிரித்தார். தம்பி சோற்றை விட்டு நிமிர்ந்தான். அவனும் நழுவி நழுவி ஜெயித்தவன்தானே.

"அலிதான் ஜெயிப்பான் சம்பந்தி. எப்பவும் அப்படித்தான் நெனச்சேன். பொண்ணக் குடுத்த எடம்னு வாயப் பொத்திக்கிட்டேன்."

ஜோசப் ராஜின் கை இலையிலேயே நின்றது. "அப்ப இத்தன வருசமா நான் தனியாவா பேசிக்கிட்டு இருந்தேன்?"

அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. இலையை மூடிவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு ஞாயிறு வருகிறது, அவர் வருவதில்லை. பெனிட்டாவுக்கு அங்கே ஒரு குறையும் கிடையாது. சண்டை என்றாலாவது சமாதானம் பேசலாம்.

"போய்ப் பாருடா" என்றேன்.

"போயி என்னக்கா சொல்ல? லூயிசுன்னா பொய்யிம்பாரு. அலின்னா இன்னொரு குத்து விட்ட மாதிரி."

இந்த ஞாயிறும் கறி வெந்தது. எதிரே சிங்கம்புணரி பஸ் நின்று புறப்பட்டது. வாசலில் நின்றவன் உள்ளே வரவில்லை. "சோறு ஆறுதுடா" என்று கையிலிருந்த துண்டை எரிச்சலில் அவன் முகத்துக்கு நேரே உதறினேன்.

நுனி கன்னத்தில் பட்டது. தலை சாயவில்லை.