சக்கரவர்த்தி படத்தில் எங்கள் அண்ணாச்சி

அண்ணாச்சி சிவனடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்கள், முதல் பக்கத்தில் அண்ணாச்சியின் படம் இல்லையே என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் சொல்லத்தான் எழுதுகிறேன்; சொல்லி முடித்தாலும் தெளிவாகுமா என்பது எனக்கே சந்தேகம்.

அண்ணாச்சி பிறந்தது ஆழ்வார்திருநகரியில். தகப்பனார் தவறியதும், என்னையும் சேர்த்துத் தம்பி தங்கைகள் நான்கு பேரைக் காப்பாற்றப் பதினேழு வயதில் தாலுகா கச்சேரியில் நகல் எழுதப் போனார்கள். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. ஒன்றில் மட்டும் பிடிவாதம். போட்டோ எடுத்தால் ஆயுள் குறையும் என்பார்கள். கல்யாணத்துக்குக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

சீமையில் நடந்த முடிசூட்டு விழாவுக்காகக் கச்சேரியில் புதிய சக்கரவர்த்தியின் படம் வைக்க வேண்டுமென்று, ஊர்ப் பெரிய மனிதர்கள் தஞ்சாவூரிலிருந்து ஓர் ஓவியரை வரவழைத்தார்கள். அவர் கையில் இருந்ததோ மார்புவரை அச்சடித்த சின்னப் படம். எழுத வேண்டியது ஆளுயரப் படம், அதுவும் சிம்மாசனத்தில் அமர்ந்த கோலத்தில். கழுத்துக்குக் கீழே யாரைப் பார்த்து எழுதுவது? கச்சேரியைச் சுற்றிப் பார்த்தவர் கண்ணில் அண்ணாச்சி பட்டார்கள்.

அண்ணாச்சி மறுத்துப் பார்த்தார்கள். தலைமைக் குமாஸ்தா விடவில்லை.

"சும்மா உக்காரும்வே. எழுதப் போறது உம்ம முகமா? பொறவு உம்ம ஆயுசு எப்படிவே குறையும்?"

இருபது நாள் சிவப்புத் திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு, செங்கோலுக்குப் பதில் குடையைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்தார்கள். படத்தைத் திறந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணாச்சி மட்டும் என் காதோரம், "யாருலே அது? எனக்கே புரியலயே" என்றார்கள்.

சென்ற ஆண்டு விஷக்காய்ச்சல் ஐந்தே நாளில் அவர்களைக் கொண்டுபோய்விட்டது. அந்தப் படம்தான் ஆயுளைக் குறைத்ததா? அப்படியானால் முகத்துக்கு உரிய சக்கரவர்த்திக்கு ஒன்றும் ஆகவில்லையே! யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

மலர் அச்சுக்குப் போகும் முன் மதினி ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

"கொழுந்தனாரே, அவுகள ஒரு தடவ பாக்கணும்."

கச்சேரிக்கு அழைத்துப் போனேன். "இந்தா இருக்கு பாருங்க, அண்ணாச்சி கை" என்று காட்டினேன். மதினி இல்லையென்று தலையசைத்தார்கள்.

"அது அவுக கை இல்ல. பேனா புடிச்ச காய்ப்பு எங்க? இங்கன பாருங்க."

படத்தில் ஒரு பாதத்தின்மேல் மறுபாதம் ஏறியிருந்தது. சப்பாத்து மாட்டியிருந்தாலும், சாப்பிட்டு முடித்து அண்ணாச்சி உட்காரும் அதே இருப்பு. மதினி குனிந்து அந்தச் சப்பாத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விம்மினார்கள். நானும் அழுதுவிட்டேன். நான் பார்த்த கை யாருடையது, எங்கே அண்ணாச்சி முடிந்து சக்கரவர்த்தி தொடங்குகிறார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பின்னால் நின்ற கச்சேரி அதிகாரி உருகிப்போனார். இவ்வளவு ராஜபக்தியுள்ள குடும்பத்தைத் தாம் கண்டதில்லை என்று சொல்லி, எப்போது வேண்டுமானாலும் வந்து கும்பிட அனுமதி கொடுத்தார். நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மதினியை அழைத்து வந்தேன்.

காய்ச்சலுக்கு அஞ்சாமல் உடனிருந்து பார்த்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும், துக்கத்தில் துணை நின்ற சொந்தங்களுக்கும் எங்கள் நன்றி. அந்த அதிகாரிக்கும் நன்றி. அண்ணாச்சியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கச்சேரிக்குப் போய்ப் பாருங்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம்.